குழாய் ஆறுகிற சத்தம்

பேயைப் பார்த்தேன் என்கிறவர்கள் எல்லோரும் நடுநிசியில்தான் பார்த்ததாகச் சொல்வார்கள். எனக்கு நடந்தது ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்த நேரம். பேயைப் பார்த்தேன் என்றுகூட நான் சொல்லமாட்டேன். எதையும் நான் பார்க்கவில்லை. பார்க்க அங்கே வெளிச்சம் இல்லை. ஆனால் நடந்தது அத்தனையும் உண்மை. என் வலது முழங்காலில் தழும்பு இன்னும் இருக்கிறது. நம்பாதவர்கள் வந்தால் அந்த டக்ட்டைத் திறந்தும் காட்டுகிறேன். உள்ளே மட்டும் வரமாட்டேன்.

எங்கள் கட்டடத்தில் எனக்கு 'விளக்கம் சார்' என்று பெயர். மின்விசிறி ஏன் மெதுவாகச் சுற்றுகிறது, குக்கர் ஏன் விசில் அடிக்கவில்லை, மோட்டார் ஏன் உறுமுகிறது என்று யார் கேட்டாலும் விளக்கிச் சொல்லாமல் என்னால் இருக்க முடியாது. கேட்காதவர்களுக்கும் சொல்லிவிடுவேன்.

நாங்கள் இருப்பது தரைத்தளம். குடிவந்த புதிதிலேயே குளியலறைச் சுவருக்குள் ஒரு சத்தம் கேட்கும். டக்… டக்… டக்… என்று, யாரோ விரல் முட்டியால் தட்டுகிற மாதிரி. மேல் வீட்டு அக்கா பயந்துபோய் என்னிடம்தான் கேட்டார். நான் பொறுமையாக விளக்கினேன். சுவருக்குப் பின்னால் பழைய இரும்புக் குழாய் இருக்கிறது. யாராவது வெந்நீரில் குளித்தால் அந்தத் தண்ணீர் அதன் வழியாக இறங்கும். சூட்டில் இரும்பு கொஞ்சம் நீளும். ஆறும்போது சுருங்கும். சுருங்கும்போது சுவரில் பிடித்திருக்கும் கிளாம்பில் உரசி டக் என்று சத்தம் போடும். முதலில் அடுத்தடுத்து வரும். ஆற ஆற இடைவெளி கூடும். பிறகு நின்றுவிடும்.

"அவ்வளவுதானா? நான் என்னென்னமோ நெனச்சுட்டேன்" என்று அக்கா சிரித்தார். அதன் பிறகு கட்டடத்தில் யார் கேட்டாலும் "அது பைப்பு ஆறுற சத்தம், விளக்கம் சார் சொல்லிட்டாரு" என்பதுதான் பதில். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

இனி அந்த ஞாயிற்றுக்கிழமை.

காலையில் சமையலறைத் தொட்டியில் பாத்திரம் கழுவிய தண்ணீர், குளியலறைத் தரையில் எழும்பி வந்தது. சோற்றுப் பருக்கையும் எண்ணெயுமாக. என் மனைவி மூக்கைப் பொத்திக்கொண்டு கத்தினாள். எனக்கோ உள்ளூரச் சந்தோஷம். ஏனென்றால் இதில் ஒரு கணக்கு இருக்கிறது. ஒரே ஒரு தொட்டியில் மட்டும் தண்ணீர் தேங்கினால், அடைப்பு அந்தத் தொட்டிக்குக் கீழே இருக்கும் வளைவில். ரப்பர் கப்பை வைத்து நாலு அழுத்து அழுத்தினால் போதும். ஓரிடத்தில் ஊற்றியது இன்னோரிடத்தில் எழும்பினால், அடைப்பு இரண்டும் சேர்ந்த பிறகு வரும் பொதுக் குழாயில். அங்கே அமிலம் ஊற்றுவது மடத்தனம், குழாய்தான் கெடும். நீளமான ஸ்பிரிங் கம்பியை விட்டுக் கடைய வேண்டும்.

மனைவி கேட்கவில்லை. பிளம்பரைக் கூப்பிடச் சொன்னாள். கூப்பிட்டேன்.

"ரெண்டு ஆளா வருவோம் சார். ரெண்டு கூலி ஆகும்."

"ஒரு அடைப்புக்கு எதுக்குப்பா ரெண்டு பேரு? ஒருத்தர் குத்த, இன்னொருத்தர் வேடிக்கை பாக்கவா?"

"டக்ட்டுக்குள்ள எறங்கணும் சார். உங்க கட்டடம்னா எவனைக் கூப்பிட்டாலும் இதேதான் சொல்லுவான்."

"எல்லாரும் பேசி வச்சுக்கிட்டுக் கொள்ளையடிக்கிறீங்க."

"உங்க இஷ்டம் சார்." வைத்துவிட்டார்.

"கேக்குறதைக் குடுத்துத் தொலைங்களேன்" என்றாள் மனைவி. "நீங்க மட்டும் அந்தப் பொந்துக்குள்ள எறங்கக் கூடாது. சொல்லிட்டேன். போன தடவை ஃபேனை ரிப்பேர் பண்றேன்னு பிரிச்சுப் போட்டீங்க. ஒரு வாரம் பேப்பரால விசிறிக்கிட்டு உக்காந்திருந்தோம்."

"அது கெப்பாசிட்டர் பிரச்சினைம்மா. கெப்பாசிட்டர்னா என்னன்னா…"

"ஐயோ, ஆரம்பிக்காதீங்க!"

"சரி, எறங்கல. கடைக்குப் போய் ஒரு மருந்துப் பொடி வாங்கிட்டு வரேன்" என்று கிளம்பினேன்.

பொய். எனக்குத் தெரிந்த ஹார்டுவேர் கடையில் ஸ்பிரிங் கம்பி வாங்கினேன். வீட்டுக்குள் போகாமல் சுற்றிக்கொண்டு பின்பக்கச் சந்துக்கு வந்தேன். சின்ன வேலை. முடித்துவிட்டு உள்ளே போய், "எங்க, இப்போ தண்ணி ஊத்திப் பாரு" என்று சொன்னால் அவள் முகம் எப்படி இருக்கும்? அந்த ஆசைதான்.

டக்ட் என்றால் தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். எல்லா மாடிகளின் கழிவுக் குழாய்களும் இறங்கிவர, கட்டடத்துக்குள் விட்டிருக்கும் செங்குத்தான பொந்துதான் டக்ட். ஒரு ஆள் பக்கவாட்டில் நுழையலாம். மேலே வானம் தெரியாது. கொசுவுக்குப் பயந்து மொட்டை மாடியில் பலகை போட்டு மூடிவிட்டார்கள். கீழே சந்தில் ஒரு சின்ன இரும்புக் கதவு. வெளிப்பக்கம் தாழ்ப்பாள். உள்ளே தரை, கதவுப் படிக்கு வெகு கீழே. தொட்டிக்குள் இறங்குவதுபோல் இறங்க வேண்டும்.

மணி இரண்டு இருக்கும். செருப்பைக் கதவருகே கழற்றிவிட்டேன். தண்ணீர் வேலைக்குப் போகும்போது கைப்பேசியை எடுத்துப் போகக் கூடாது என்பது என் ஒழுங்கு. அது வீட்டில் இருந்தது. டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு இறங்கினேன்.

உள்ளே இரண்டு குழாய்கள். ஒன்று புதிய பிளாஸ்டிக் குழாய். இன்னொன்று தார் பூசிய பழைய இரும்புக் குழாய். பிளாஸ்டிக் குழாயின் அடியில், திறந்து சுத்தம் செய்வதற்காக மூடி வைத்த வளைவு. அதுதான் என் குறி. இரண்டு குழாய்களுக்கும் நடுவே முழங்காலை மடக்கி, சுவரில் முதுகு உரச உட்கார்ந்தேன்.

அப்போதுதான் இரும்புக் குழாயில் ஒன்றைப் பார்த்தேன். உட்கார்ந்தால் முகத்துக்கு நேராக வருகிற உயரத்தில், ஓர் உள்ளங்கை அளவுக்குத் தார் உதிர்ந்திருந்தது. அந்த இடம் முழுக்கச் சின்னச் சின்னக் குழிகள். வேறெங்கும் இல்லை. துருப்பிடித்து அரித்திருக்கும் என்று எனக்கு நானே விளக்கிக்கொண்டேன்.

துரு அரித்தால் கரடுமுரடாக இருக்கும். அந்த இடம் வழுவழுப்பாக இருந்தது.

ஸ்பேனரால் மூடியின் போல்ட்டைக் கழற்றினேன். ஒரு வாளித் தண்ணீர் வரும் என்று எதிர்பார்த்தேன். வந்தது ஒரு ஆறு. அடைத்து நின்ற மாடிக் கழிவு முழுவதும் மார்பில் அடித்தது. டார்ச் வாயிலிருந்து விழுந்தது. நான் சறுக்கினேன். என் வலது முழங்கால் இரும்புக் குழாய்க்கும் சுவருக்கும் நடுவே இறங்கி… மாட்டிக்கொண்டது.

இழுத்தேன். வரவில்லை.

தண்ணீரின் வேகம் அடங்கியது. இடுப்பளவுக்குத் தேங்கி நின்றது. டக்ட்டின் தரையிலும் ஒரு வடிகால் உண்டு. அதுவும் போய்ச் சேர்வது அதே அடைப்பில்தான். ஆகவே வடியாது.

அந்த நேரத்தில் கதவு சாத்திக்கொண்டது. க்ரீச்… டம்.

இருட்டு.

காற்று, என்று நினைத்தேன். அடுத்த நொடி இன்னொரு சத்தம் கேட்டது. இரும்பு இரும்பில் உரசி, மெதுவாக நகர்ந்து, கடைசியில் 'கடக்' என்று உட்காரும் சத்தம்.

காற்று கதவைச் சாத்தும். தாழ்ப்பாள் போடாது.

"யாருங்க? உள்ள ஆள் இருக்கேன்!" என்று கத்தினேன். பதில் இல்லை. சந்தில் காலடிச் சத்தமும் இல்லை. மறுபடி கத்தினேன். பக்கத்துக் கட்டடத்தில் ஜெனரேட்டர் ஓடத் தொடங்கியது. மின்சாரம் போயிருக்க வேண்டும். அந்த இரைச்சலில் என் குரல் எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

பதறாதே, யோசி என்று சொல்லிக்கொண்டேன். குரல் காற்றில் போகிறது. காற்றில் ஜெனரேட்டர் இருக்கிறது. தட்டினால் சத்தம் இரும்பு வழியாகப் போகும். எங்கள் குளியலறைச் சுவரில் பிடித்திருக்கும் குழாய்தான் இது. கையிலிருந்த ஸ்பேனரால் தட்டினேன். கை வீச இடமில்லை. மணிக்கட்டை மட்டும் அசைத்து…

டக்… டக்… டக்.

குழாயில் காதை வைத்தேன். வைத்தியர் நெஞ்சில் குழல் வைத்துக் கேட்பதுபோல, சுவருக்கு அந்தப்பக்கம் நடப்பது சன்னமாகக் கேட்டது. என் மனைவியின் குரல்! மேல் வீட்டு அக்காவுடன் போனில் பேசிக்கொண்டிருந்தாள்.

"ஆமாக்கா… எனக்கும் கேக்குது… அதான் பைப்பு ஆறுற சத்தம்… அவரா? கடைக்குப் போனாரு. கடைக்காரரை உக்கார வச்சுப் பாடம் எடுத்துட்டு இருப்பாரு. இப்போதைக்கு வரமாட்டாரு…"

என் பெயர், என் வாய், என் விளக்கம். மூன்றும் சேர்ந்து வெளியே ஒரு பூட்டுப் போட்டதுபோல் இருந்தது.

மறுபடி தட்டினேன். டக்… டக்… டக்.

பேச்சு நின்றிருந்தது. அவள் குளியலறையை விட்டுப் போய்விட்டாள்.

அப்போது பதில் வந்தது.

டக்… டக்… டக்.

எதிரொலி என்று நினைத்தேன். இரண்டு முறை தட்டினேன். இரண்டு முறை வந்தது. நான்கு தட்டினேன். நான்கு. எதிரொலி இவ்வளவு தாமதமாக வராது என்று எனக்குத் தெரியும். யாரோ கேட்டுவிட்டார்கள்! மேலே யாரோ தட்டுகிறார்கள்! உற்சாகத்தில் ஸ்பேனரை ஓங்கினேன்.

நான் தட்டுவதற்கு முன்பே… டக்.

என் முகத்துக்கு நேரே. குழிகள் இருந்த அந்த இடத்தில்.

உறைந்துபோனேன்.

ஜெனரேட்டர் நின்றது. மின்சாரம் வந்துவிட்டது. அந்த அமைதியில் தொண்டை கிழியக் கத்தினேன். அதற்குள் தலைக்கு மேல் வேறொரு சத்தம் தொடங்கிவிட்டது. கட கட கட… வாஷிங் மிஷின். ஞாயிறு மத்தியானம் துணியைப் போட்டுவிட்டுத்தான் அக்கா படுப்பார். மின்சாரம் போனதில் நின்ற மிஷின், விட்ட இடத்திலிருந்து ஓடுகிறது.

விவரம் தெரியாதவனாக இருந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்! அந்த மிஷின் எவ்வளவு தண்ணீர் பிடிக்கும் என்று எனக்குத் தெரியும். துவைத்த தண்ணீரை ஒரு தடவை விடும். அலசிய தண்ணீரை இன்னொரு தடவை விடும். இரண்டும் இறங்குவது என் எதிரே நான் திறந்து வைத்திருக்கும் இந்த வளைவு வழியாகத்தான். வழிந்து வெளியேற வேண்டுமானால் தண்ணீர் கதவுப் படியைத் தொட வேண்டும். படி என் மூக்குக்கு மேலே இருந்தது.

ஒரே வழிதான் இருந்தது. வேகமாகத் தட்ட வேண்டும். ஆறுகிற குழாய் வேகமாகத் தட்டாது. அந்த வேகத்தில் தட்டினால், இது குழாய் இல்லை என்று யாருக்காவது உறைக்கும்.

மேலே மிஷின் நின்றது. தண்ணீரைத் திறந்துவிட்டது.

சோப்பு நுரையோடு மார்பு வரை ஏறியது. ஸ்பேனரை ஓங்கினேன். சோப்புக் கை…

நழுவியது.

'ப்ளக்.'

தண்ணீருக்குள் துழாவினேன். விரலில் சேறு. கம்பி. டார்ச். ஸ்பேனர் இல்லை. குழாயைக் கையால் அறைந்தேன். ஈரக் கை இரும்பில் சத்தமே எழுப்பவில்லை.

தண்ணீரைத் தடுக்க இடது உள்ளங்கையால் வளைவின் வாயை அழுத்தினேன். வலது கையால் ஒரு கிளாம்பைப் பிடித்து உடம்பை மேலே தூக்கிக்கொண்டேன். இரண்டு கையும் தீர்ந்தது.

மேலே அலசல் ஓடத் தொடங்கியது.

அப்போதுதான் உணர்ந்தேன். என் முதுகு சுவரில் இல்லை.

சுவர் இருக்க வேண்டிய இடத்தில் வேறு ஏதோ இருந்தது. குளிர்ந்தது. மடங்கி உட்கார்ந்திருப்பது. என்னைப் போலவே.

அங்கே இன்னொரு ஆளுக்கு இடம் கிடையாது. எனக்கே இடம் இல்லை.

திரும்ப முடியவில்லை.  

டக்.

என் வலது காதை ஏதோ உரசிக்கொண்டு போனது. ஈரத்துணி. சட்டைக்கை.

டக்.

மறுபடியும் உரசியது. என் தோளுக்கு மேலாக ஒரு கை நீண்டு… குழாயைத் தட்டிவிட்டு… பின்வாங்கியது.

டக். டக்.

உரசல். உரசல்.

டக் டக் டக் டக்…

வேகம்.

இன்னும் வேகம்.

டக்டக்டக்டக்டக்டக்…

மேலே மிஷின் நின்றது.

உள்ளங்கையைத் தள்ளிக்கொண்டு தண்ணீர் பீறிட்டது. கழுத்து. தாடை. உதடு. மூக்கால் மூச்சை இழுத்தேன்…

'கடக்.'

வெளிச்சம்.

"என்னங்க! ஐயோ… அக்கா! மிஷினை நிறுத்துங்கக்கா! அக்கா!"

என் மனைவி. பாதி உடம்பைப் படிக்கு மேல் தொங்கவிட்டு என் தலைமுடியைக் கொத்தாகப் பிடித்து முகத்தைத் தூக்கினாள். மேல் வீட்டு அக்கா ஓடிவந்தார். சோப்புத் தண்ணீர்தான் கடைசியில் என் முழங்காலைக் காப்பாற்றியது. இருவரும் இழுத்த இழுப்பில் தோல் உரிந்து வழுக்கி வந்தது. சந்தில் மல்லாந்து கிடந்தேன். மணி இரண்டே முக்கால்தான் ஆகியிருந்தது. வெயில் அப்படியே இருந்தது.

அவள் அழுதுகொண்டே திட்டினாள். "பொய் சொல்லிட்டுப் போய்ச் சாகப் பாத்தீங்களே! செருப்பு வெளியில கெடக்கலைன்னா நான் என்ன பண்ணியிருப்பேன்?"

"எப்படி… பின்பக்கம் வந்த?"

"ஆறுற குழாய் போகப் போக மெதுவாத் தட்டும்னு சொன்னது யாரு? இது ஓட்டமா ஓடுச்சு. அப்பவே பின்பக்கம் ஓடிவந்தேன். உங்க பாடத்தை எல்லாம் நான் காதுல வாங்கறதே இல்லைன்னு நெனச்சீங்களா?" மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "நல்லவேளை, நீங்க வேகமாத் தட்டுனீங்க."

 அவள் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்தேன்.

மறுநாள் பிளம்பர் வந்தார். இரண்டு பேராக. கேட்ட கூலிக்கு மறுபேச்சுப் பேசாமல் ஒப்புக்கொண்டேன். ஒருவர் இறங்கினார். இன்னொருவர் வேறு வேலை எதுவும் பார்க்கவில்லை. வேலை முடியும்வரை கதவின் தாழ்ப்பாளைக் கையில் பிடித்தபடி நின்றார். முந்தைய வாரமாக இருந்தால் அதைப் பார்த்துச் சிரித்திருப்பேன்.

கை கழுவும்போது, உள்ளே இறங்கியவர் தாமாகவே சொன்னார்.

"எங்க ஆளு ஒருத்தர் சார். நீங்க வர்றதுக்கெல்லாம் ரொம்ப முன்னாடி. தனியா எறங்குனாரு. கதவு சாத்திக்கிச்சு. அடைப்பைத் திறந்தவரு தண்ணிக்குள்ள மாட்டிக்கிட்டாரு. சாயந்திரம் வரைக்கும் தட்டியிருக்காரு. கட்டடம் பூரா கேட்டிருக்கு."

"ஒருத்தர்கூடவா திறந்து பாக்கல?"

"பாக்கணும்னுதான் கெளம்பியிருக்காங்க. அப்போ ஒருத்தர், ரொம்ப விவரமான மனுஷனாம், அது ஒண்ணுமில்ல, குழாய் ஆறுற சத்தம்னு சொல்லியிருக்காரு. எல்லாரும் திரும்பிப் போய்ட்டாங்க." துண்டால் கையைத் துடைத்தார். "அப்படிச் சொன்னவரு உங்க வீட்டுலதான் சார் குடியிருந்தாரு. ஒரு மாசத்துல காலி பண்ணிட்டுப் போயிட்டாரு."

என் மனைவி என்னைப் பார்த்தாள்.

நான் கடைசியாக ஒரு கேள்வி கேட்டேன். கேட்டிருக்க வேண்டாம்.

"ஆனா… அந்த இரும்புக் குழாய்ல வெந்நீர் போறப்போ சத்தம் வரத்தானே செய்யும்?"

பிளம்பர் என்னை விசித்திரமாகப் பார்த்தார்.

"அதுல ஏது சார் வெந்நீர்? எங்க ஆளு உள்ளேயே இறந்தப்புறம் அந்தக் குழாயை மேலயும் கீழயும் அறுத்து அடைச்சுட்டோமே. எல்லா வீட்டு லைனும் பிளாஸ்டிக்குலதான் போகுது. அது வெறும் செத்த குழாய் சார். ஒரு சொட்டுத் தண்ணி போயே வருஷக்கணக்காச்சு."

அன்றைக்கே அந்தத் தாழ்ப்பாளைக் கழற்றி எறிந்துவிட்டேன்.

சத்தம் நிற்கவில்லை. இப்போதும் வரும். டக்… டக்… டக். மேல் வீட்டு அக்கா மாடியிலிருந்து எட்டிப்பார்த்து, "பைப்புதானே சார்?" என்று கேட்பார். நான் விளக்கம் எதுவும் சொல்வதில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு பின்பக்கம் போகிறேன். கதவைத் திறக்கிறேன்.

திறந்ததும் சத்தம் நின்றுவிடுகிறது. ஒவ்வொரு தடவையும்.